மாலையில் விடாமல் பால் கேட்கும் 12 நாள் குழந்தை

தாய்ப்பால் போதவில்லையோ, பவுடர் பால் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், முதலில் குழந்தை நனைக்கும் ஈரத்துணியை எண்ணத் தாயிடம் சொல்லுங்கள். தண்டையார்பேட்டையில் நீங்கள் போய்ப் பார்க்கும் அந்தக் குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது வெளுப்பாகச் சிறுநீர் கழித்தால், பெரும்பாலும் பால் போதுகிறது. எடையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாலையில் அடுத்தடுத்துக் குடிப்பது இந்த வயதில் சகஜம். தாய்க்குக் காம்பு புண்ணாகியிருக்கிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் அநேகமாகக் குழந்தை மார்பைக் கவ்வும் பிடிமானம்தான். வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வுகிறதா, தாடை மார்பில் ஒட்டுகிறதா? இல்லையென்றால் வாயோரம் சுண்டுவிரலை விட்டு விடுவித்து, மறுபடி பிடிக்க வையுங்கள்.

'பால் வத்திப்போச்சு' என்னும் மாமியாரிடம் வாதாடாதீர்கள். ஈரத்துணியை எண்ணும் வேலையை அவரிடமே கொடுங்கள். வண்ணாரப்பேட்டையில் எனக்கு அது பலித்தது.

சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டாலோ, தாய்க்குக் காய்ச்சலோடு மார்பு சிவந்தாலோ அது நம் வேலையில்லை, மருத்துவர் பார்க்க வேண்டியது. அன்றே ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.