ட்ரிக்லாவ் ஏறப் போறீங்களா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஸ்லோவேனியால இருக்கிற ட்ரிக்லாவ் நேஷனல் பார்க் பத்தி ஆளாளுக்கு தனியா மெசேஜ் போடுறீங்க, ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி மாளல, அதான் கேள்வி எல்லாத்தையும் சேர்த்து இங்கயே பதில் போட்டுடறேன். நான் அந்த நாட்டுத் தலைநகர் லியூப்லியானால வேலை பாக்கறவன், கோடைல லீவு கெடச்சா இந்தப் பக்கம்தான் கெளம்புவேன், ஆனா லைசென்ஸ் வச்ச கைடு இல்ல, அத மனசுல வச்சிக்கிட்டு படிங்க. உச்சி 2864 மீட்டர், ஜூலியன் ஆல்ப்ஸ்லயே பெரிசு, அந்த நாட்டுக் கொடியில இருக்கிற மலையும் இதுதான்.

கேள்வி: அண்ணா, வெள்ளியங்கிரி, பர்வதமலை ரெண்டும் ஏறிருக்கேன். ஆல்ப்ஸ் போனதில்ல. ட்ரிக்லாவ் முடியுமா?

கால் தாங்கும், அதுல சந்தேகம் இல்ல. இங்க பிரச்சனை மூச்சு வாங்கறது இல்ல தம்பி, ரெண்டு பக்கமும் கீழ பாத்தா வயித்த கலக்குதா இல்லயாங்கறதுதான். பர்வதமலைல கடப்பாரைப் படி வருமே, அங்க கை நடுங்காம ஏறுனீங்களா, நடுவுல நின்னு கீழ பாக்க முடிஞ்சுதா? முடிஞ்சுதுன்னா பாதி பரீட்சை பாஸ். மீதி பாதி, இங்க அந்த மாதிரி எடம் அஞ்சு நிமிஷத்துல முடியாது. கடைசி ஒரு மணி நேரம் முழுக்க அப்படித்தான், பாறைல அடிச்ச இரும்பு முளையும் எஃகு கயிறும் புடிச்சே போகணும், அதுவும் சின்ன ட்ரிக்லாவ்னு ஒரு முன்உச்சி இருக்கு, அதுக்கும் மெயின் உச்சிக்கும் நடுவுல முதுகெலும்பு மாதிரி ஒரு ஒல்லி வரப்பு. தலை சுத்தறவங்களுக்கு அது வேண்டாம்.

கேள்வி: எந்த வழி ஈஸி? ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க.

மூணு வழிதான் அதிகம் பேர் போறது. பொக்ல்யூகா பீடபூமில ருட்னோ போல்யேனு ஒரு எடம், 1347 மீட்டர்ல, அங்க இருந்து வோத்னிகோவ் டோம் குடில் (மலையேறறவங்க தங்கற விடுதி) வழியா ப்ளானிகா குடில் போயி உச்சி. ஆரம்பிக்கறதே உசரத்துல, அதனால முதல் தடவைக்கு நான் இததான் சொல்வேன். கிர்மா பள்ளத்தாக்கு வழி நீளம், ஆனா குடில் வரைக்கும் நடைதான், கயிறு கிடையாது. மூணாவது வ்ராட்டா பள்ளத்தாக்கு, 1015 மீட்டர்ல தொடங்குது, உச்சி வரைக்கும் 1850 மீட்டர் ஏத்தம். பாக்க இதுதான் அழகு, ஏன்னா ஆயிரம் மீட்டருக்கு மேல நிக்கிற வடக்கு சுவர் மூஞ்சிக்கு நேரா இருக்கும், ஆனா வழியிலயே பாறை ஏத்தம் இருக்கு, அத முதல்ல எடுக்காதீங்க.

எந்த வழின்னாலும் பாறைல வெள்ளைப் புள்ளிய சுத்தி சிவப்பு வளையம் போட்டிருப்பாங்க. அலோய்ஸ் க்னாஃபெல்ட்ஸ்னு ஒருத்தர் 1922ல கொண்டு வந்தது, நாடு முழுக்க இதே குறிதான். மூடுபனில அடுத்த குறி தெரியலன்னா முன்னாடி தேடிப் போகக் கூடாது, கடைசியா பாத்த குறிக்கு திரும்பி வாங்க.

கேள்வி: ஒரே நாள்ல ஏறி இறங்கிடலாம்னு வீடியோல பாத்தேன். காலைல ப்ளெட் ஊர்ல இருக்கிற ஹோட்டல்ல இருந்து கெளம்பினா போதுமா?

இததான் எல்லாரும் கேக்கறீங்க, இதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. உடம்பு வலுவா இருக்கறவங்க ஒரே நாள்ல போறாங்க, உண்மைதான். ஆனா டிஃபன் சாப்டுட்டு பொறுமையா கெளம்பினீங்கன்னா உச்சிக்கு போய்ச் சேர மதியம் ரெண்டு மூணு ஆயிடும், கோடைல ஆல்ப்ஸ் மதியம்னா என்னன்னா, காலைல வெயில்ல சூடான ஈரக்காத்து மலை மேல ஏறி ஏறி மேகமா குவியும், மதியத்துக்கு மேல அது இடியா இறங்கும். அந்த நேரத்துல நீங்க எங்க இருப்பீங்க? சுத்துவட்டாரத்துலயே உசரமான எடத்துல, கைல எஃகு கயிற புடிச்சிக்கிட்டு. மின்னல் அந்தக் கயிறு வழியாவே ஓடும்.

அதனால என் கணக்கு இதான், முதல் நாள் குடில் வரைக்கும் மட்டும், ராத்திரி அங்க தூக்கம், விடியறப்ப உச்சி, பத்து பதினொரு மணிக்குள்ள கயிறு பகுதிய விட்டு இறங்கிடணும். ப்ளானிகா குடில் 2401 மீட்டர், க்ரெடாரிட்சா குடில் 2515 மீட்டர், ரெண்டுல இருந்தும் உச்சிக்கு சுமார் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான். ட்ரிக்லாவ்ல கஷ்டம்னு ஒண்ணு இருந்தா அது பாறை இல்ல, கடிகாரம்.

கேள்வி: ஹெல்மெட், ஹார்னஸ் எல்லாம் அவசியமா? உள்ளூர்காரங்க சும்மா ஷூ மட்டும் போட்டு ஏறுறாங்களே.

உள்ளூர்காரங்க சின்ன வயசுல இருந்து ஏறுறவங்க, அவங்கள பாத்து நாம சூடு போட்டுக்க வேண்டாம். ஹெல்மெட்ல பேச்சே இல்ல, சுண்ணாம்புப் பாறை உதிரும், மேல போறவங்க கால் பட்டும் கல்லு வரும், ஐபெக்ஸ்னு சொல்ற மலையாடு தட்டிவிட்டும் வரும்.

ஹார்னஸோட (இடுப்புலயும் தொடைலயும் மாட்டற பட்டை) ஃபெராட்டா செட் வாடகைக்கு கெடைக்கும், ஃபெராட்டான்னா பாறைல இப்படி எஃகு கயிறு கட்டின வழி. ரெண்டு கை மாதிரி பட்டை, நுனில ரெண்டு கொக்கி, நடுவுல விழுந்தா அதிர்ச்சிய தாங்கற ஒரு பொட்டலம். ரெண்டு கொக்கியும் கயித்துல மாட்டியிருக்கணும். முளை வந்ததும் ஒண்ண மட்டும் கழட்டி முளைக்கு அந்தப் பக்கம் மாட்டுங்க, டிக்குனு பூட்டின சத்தம் கேட்ட பிறகுதான் ரெண்டாவது. ரெண்டையும் ஒரே நேரத்துல கழட்டவே கூடாது. ரெண்டு முளைக்கு நடுவுல ஒரு ஆள்தான், முன்னாடி போறவர் அடுத்த முளைய தாண்டற வரைக்கும் காத்திருங்க. சில எடத்துல முளை மட்டும்தான் இருக்கும், கயிறு இருக்காது, அங்க கொக்கிய நம்ப முடியாது, கைய நம்பணும். மலிவா ஒரு ஜோடி கையுறையும் எடுத்துக்கங்க, பழைய கயித்துல கம்பி பிரிஞ்சி நீட்டிட்டிருக்கும்.

இது ஒண்ணுமே பழக்கமில்லன்னா கைடு வைங்க. காச மிச்சம் புடிக்கற எடம் இது இல்ல.

கேள்வி: குடில்ல என்ன கெடைக்கும்? நாங்க சுத்த சைவம். ம்யூனிக்ல இருந்து வர்றோம்.

பெரிய ஹால்ல வரிசையா படுக்கை, போர்வை குடுப்பாங்க, உள்ள போட்டுக்க மெல்லிசான லைனர் பை நீங்க கொண்டு வரணும். குளியல் எல்லாம் கனவு. ராத்திரி பத்து மணிக்கு லைட் ஆஃப், அதுக்கு மேல பிளாஸ்டிக் கவர நோண்டினா முப்பது பேர் மொறைப்பாங்க. ஜூலை ஆகஸ்ட்ல முன்கூட்டியே புக் பண்ணிடுங்க, ரொக்கமும் கைல இருக்கட்டும். ம்யூனிக்காரங்களா இருந்தா ஜெர்மன் ஆல்பைன் க்ளப் மெம்பர் கார்டு இருக்கான்னு பாருங்க, ஸ்லோவேனிய மலைச்சங்கத்தோட ஒப்பந்தம் இருக்கறதால படுக்கை வாடகை நல்லா குறையும்.

சாப்பாடுதான் உங்களுக்கு கொஞ்சம் திண்டாட்டம். ரிச்செட்னு பார்லி கஞ்சி, யோட்டானு புளிச்ச முட்டைக்கோஸ் பீன்ஸ் சூப், ரெண்டுலயும் பெரும்பாலும் பன்றி இறைச்சி கெடக்கும். "ப்ரெஸ் மேசா", அதாவது கறி இல்லாமன்னு கேட்டுப் பாருங்க. ஷ்ட்ருக்லின்னு பாலாடைக்கட்டி வச்சு சுருட்டின ஒண்ணு இருந்தா தப்பிச்சீங்க. புளிசாதம் கட்டிட்டு வந்தா இன்னும் நல்லது, வெக்கப்பட ஒண்ணுமில்ல.

கேள்வி: தண்ணி எவ்ளோ தூக்கணும்? ஆல்ப்ஸ்ல எங்க பாத்தாலும் ஓடை இருக்குமே?

இங்க இருக்காது. மொத்த மலையும் சுண்ணாம்புக்கல்லு, மழைத்தண்ணி மேல நிக்காம ஓட்டை வழியா உள்ள போயி கீழ பள்ளத்தாக்குல ஊத்தா வரும். மேல குடில்லயே மழைத்தண்ணி, பனித்தண்ணி சேத்து வச்சுதான் ஓட்டறாங்க, குடிக்க பாட்டில் தண்ணி வாங்கணும், விலை கீழ விக்கிறத விட நல்லாவே ஜாஸ்தி. குறைஞ்சது ரெண்டரை லிட்டரோட கெளம்புங்க.

கேள்வி: ஜூன்ல லீவு. பனி இருக்குமா? பனியாறு ஒண்ணு இருக்குன்னாங்களே?

ஜூன்ல க்ரெடாரிட்சா பக்கம் சரிவுல கெட்டிப்பனி கெடக்கும், க்ராம்பான் (ஷூவுக்கு அடில மாட்டற இரும்பு முள்ளு), ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடாலி) புடிக்கத் தெரியாதவங்க வரக் கூடாது. ஜூலை பாதில இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் சீசன்.

பனியாறு இருந்துச்சு. 1946ல அளக்க ஆரம்பிச்சப்ப சுமார் 14 ஹெக்டேர், இப்ப ஒரு ஹெக்டேர் கூட தேறாது. பழைய படத்த பாத்துட்டு தேடாதீங்க, ஏமாந்துடுவீங்க.

கேள்வி: உச்சில முதல் தடவ போறவங்கள கயித்தால அடிப்பாங்களாமே ப்ரோ, நெஜமா?

நெஜம்தான், ஞானஸ்நானம் மாதிரி ஒரு சடங்கு, பின்னாடி ரெண்டு தட்டு தட்டுவாங்க, விளையாட்டுக்குதான். ஸ்லோவேனியன்னா ஒரு தடவையாவது ட்ரிக்லாவ் ஏறியிருக்கணும்னு அங்க ஒரு பேச்சு உண்டு, அதனால ஆகஸ்ட் சனிக்கிழமைல கயிறு பகுதில க்யூவே நிக்கும், வார நாள்ல போங்க.

உச்சில ஒரு குட்டி இரும்பு கோபுரம் இருக்கு, யாகோப் அல்யாஷ்னு ஒரு பாதிரியார் ஜெர்மன்காரங்க கைக்கு மலை போயிடக் கூடாதுன்னு உச்சிய கெரயம் பண்ணி 1895ல நட்டது. நாலு பேர் நெருக்கி நிக்கலாம், ஆனா இடி வந்தா அதுக்குள்ள ஒதுங்கலாம்னு கணக்கு போடாதீங்க. மலைய முதல்ல ஏறினது 1778ல, நாலு பேர், மோன் ப்ளாங்க் ஏறறதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே!

கேள்வி: அம்மா அப்பா கூட வர்றாங்க, ரெண்டு பேருக்கும் அறுபதுக்கு மேல. அவங்கள என்ன பண்றது?

வ்ராட்டா பள்ளத்தாக்குக்கு கூட்டிட்டுப் போங்க அக்கா. வழில பெரிச்னிக் அருவி, 52 மீட்டர், அருவிக்குப் பின்னாடியே நடந்து போகலாம், பாறை வழுக்கும், கைய புடிச்சிக்கங்க. இன்னும் கொஞ்சம் நடக்கறவங்கன்னா ப்ளானினா ப்ளாட்டோல இருந்து ஏழு ஏரி பள்ளத்தாக்கு குடில், மூணு மூணரை மணி நேர நடை. சவிட்சா அருவி பக்கத்துல இருந்து ஏறற கோமார்ச்சா வழியா மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க, அது செங்குத்து. ஏரில எறங்கி குளிக்கக் கூடாது, கூடாரம் போட்டு தங்கவும் கூடாது, ட்ரோனும் பறக்கவிடக் கூடாது, கேட்ட மூணு பேருக்கும் இதே பதில்.

கேள்வி: விசாக்கு எடுத்த இன்சூரன்ஸ் போதுமா? ஏதாச்சும் ஆச்சுன்னா யார கூப்பிடறது?

நம்பர் 112. பாலிசில மலையேற்றம், ஹெலிகாப்டர் மீட்புன்னு எழுதியிருக்கான்னு படிங்க, நிறைய விசா பாலிசில ஃபெராட்டாவ சாகச விளையாட்டுன்னு தள்ளி வச்சிருப்பாங்க, இல்லன்னா தனியா ஒண்ணு எடுத்துக்கங்க.

கேள்வி: குடில் வரைக்கும் போயிட்டேன், காலைல வானம் ஒரு மாதிரி இருக்கு. போகலாமா வேணாமான்னு எப்படி முடிவு பண்றது?

முந்தின நாளே அர்சோனு அவங்க அரசாங்க வானிலைத் துறை போடற மலை அறிக்கைய பாருங்க, க்ரெடாரிட்சாலயே அவங்க ஆள் வருஷம் முழுக்க உக்காந்து அளக்கறாங்க. காலைல குடில்காரர்கிட்ட கேளுங்க, அவர் "இன்னைக்கு வேணாம்"னு சொன்னா அதுக்கு மேல யூடியூப் பாக்காதீங்க. பாறை ஈரமா இருந்தாலும் வேணாம், ஆயிரக்கணக்கான கால் பட்டு கல்லு வழவழன்னு ஆகியிருக்கு, நனைஞ்சா சோப்பு. கடைசி முடிவு சின்ன ட்ரிக்லாவ்ல எடுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அங்க போனப்புறம் யாருக்கும் திரும்ப மனசு வராது. க்ரெடாரிட்சா முற்றத்துல நிக்கறப்பவே எடுத்துடுங்க.