மஞ்சக் கடுதாசி குடுத்தவன்கிட்ட வாங்க என்ன இருக்கு?

கேள்வி: என் மக போன வருஷம் லா முடிச்சா. வாஷிங்டன்ல டிஓஜே-ல, அதாவது அமெரிக்க நீதித்துறையில வேலை கிடைச்சிருக்கு. மெடிகேர்ல (வயசானவங்களுக்கான அரசாங்க மருத்துவ இன்ஷூரன்ஸ்) பொய் பில் போட்டு மாட்டிக்கிட்டதும் திவால்னு கோர்ட்டுக்குப் போறவங்களை எதிர்த்து அரசாங்கம் சார்பா வாதாடணுமாம். இன்னொரு பக்கம் நியூயார்க் லா ஃபர்ம் ஒண்ணு 225,000 டாலர் தர்றேங்குது. மஞ்சக் கடுதாசி குடுத்தவன்கிட்ட வாங்க என்ன இருக்கு, இதுக்குப் போய் ஒரு வக்கீலா? கேட்டா வீட்ல சண்டை வருது.
- பெயர் வேண்டாம், நியூ ஜெர்சி

பதில்: சார், நானும் அதே வேலையில சில வருஷம் குப்பை கொட்டினவதான், முதல் வாரம் எனக்கும் இதேதான் தோணுச்சு. ஆனா திவால்னு வர்ற எல்லாரும் வெறுங்கையோட வர்றதில்ல, நம்ம வேலையே அந்த எடத்துலதான் ஆரம்பிக்குது.

ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் ஆக்ட்னு ஒரு சட்டம், 1863ல உள்நாட்டுப் போர் நடந்தப்போ ராணுவத்துக்கு மட்டமான சரக்கு வித்தவங்களுக்காகப் போட்டது. அரசாங்கத்தை ஏமாத்துனா மூணு மடங்கு கட்டணும், அதுக்கு மேல ஒவ்வொரு பொய் பில்லுக்கும் தனி அபராதம். ஒரு சின்ன க்ளினிக்கே வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல பில் அனுப்பும், பெருக்கிப் பாருங்க, யாரால கட்ட முடியும்? உடனே திவால் கோர்ட்டுக்கு ஓடுவாங்க. அரிசோனால இன்ஸிஸ்னு ஒரு மருந்து கம்பெனி, ஃபென்டனில்ங்கிற கடுமையான வலி மருந்து ஸ்ப்ரேயை எழுதிக் குடுக்குற டாக்டருங்களுக்கு மேடையில பேசுற ஃபீஸ்ங்கிற பேர்ல லஞ்சம் குடுத்து மாட்டுச்சு. 2019 ஜூன் 5ஆம் தேதி அரசாங்கத்தோட 225 மில்லியன் டாலருக்கு சமரசம், ஜூன் 10ஆம் தேதி டெலவேர்ல சாப்டர் 11, அதாவது கம்பெனிங்க போடற திவால் மனு. அஞ்சே நாள்!

திவால் மனு போட்டதும் கடன்காரங்க எல்லாரும் அப்படியே நிக்கணும். அரசாங்கம் மட்டும் மோசடி கேஸை தீர்ப்பு வரைக்கும் நடத்தலாம், ஆனா பணத்தை வசூல் பண்ணக் கூடாது. இதுல புது ஆளுங்க விழற குழி ஒண்ணு இருக்கு. எங்களுக்கு இவ்ளோ வரணும்னு கிளெய்ம் போட அரசாங்கத்துக்கு 180 நாள் டைம், சரி நிதானமா பாத்துக்கலாம்னு உக்காந்தோம்னா போச்சு, ஏன்னா திவாலானது ஒரு தனி ஆளுன்னா, இது மோசடியில வந்த கடன், இதை அழிக்கக் கூடாதுன்னு தனியா ஒரு வழக்கு போடணும், அதுக்கு கடன்காரங்க மீட்டிங்குக்கு முதல்ல குறிச்ச தேதியிலேர்ந்து 60 நாள்தான். 61வது நாள் போய் நின்னா அந்தாளு கடனைக் கழுவிட்டு சுத்தமா வெளிய போயிடுவான். காலண்டரைப் பாத்துப் பாத்தே எனக்குப் பாதி முடி நரைச்சது.

அந்த மீட்டிங்ல ஜட்ஜ் இருக்க மாட்டாரு, திவாலானவரோட சொத்தைக் கவனிக்கிற ட்ரஸ்டி ஒருத்தர் சத்தியம் வாங்கிட்டு கேள்வி கேப்பாரு, நாமளும் கேக்கலாம். ஒரு பிசியோதெரபி க்ளினிக் ஓனர் வந்தாரு, அவர் பில்படி ஒரே தெரபிஸ்ட் ஒரே நாள்ல 31 மணி நேரம் வைத்தியம் பாத்திருக்காரு. கேட்டா ஞாபகம் இல்லைன்னாரு. போகட்டும். ரெண்டு வருஷத்துல சொத்து எதையாவது யார் பேருக்காவது மாத்துனீங்களாங்கிற கேள்விக்கு ஃபார்ம்ல 'இல்லை'ன்னு எழுதியிருந்தாரு. ஏரிக்கரை வீட்டை 14 மாசம் முன்னாடி மாமியார் பேருக்கு மாத்துன பத்திரம் என் கைல. எதுவும் சொல்லலை, டேபிள் மேல வெச்சேன், அவ்ளோதான். அவர் தன் வக்கீலைப் பாத்தாரு, வக்கீல் தண்ணி பாட்டிலைப் பாத்தாரு. வீடு திரும்பி வந்துச்சு, பொய் சத்தியத்துக்காக கடன் ஒண்ணுகூட அழியலை.

எல்லா கேஸும் இப்படி இனிப்பா முடியாது. ஆக்ஸிகான்டின் வலி மாத்திரை வித்த பர்டியூ ஃபார்மா கம்பெனியோட சமரசம் 2020ல 8 பில்லியன் டாலருக்கு மேலன்னு பேப்பர்ல வந்துச்சு, அதுல அரசாங்கத்தோட 2.8 பில்லியன் சிவில் பாக்கி, திவால் கோர்ட்ல ஈடு இல்லாத கடனா மத்தவங்களோட வரிசையில நின்னுச்சு. இதைவிடக் கஷ்டம், திவாலான ஆஸ்பத்திரி இன்னும் நடந்துக்கிட்டு இருந்தா. பழைய பாக்கிக்காக மெடிகேர் பணத்தைப் பிடிச்சு வெச்சா நர்ஸுக்கு சம்பளம் போகாது, விட்டா ஏமாத்துனவன் கைக்கே போகும். ராத்திரி தூக்கம் வராத கேஸ் எல்லாம் இதுதான்.

சம்பளம், நீங்க சொல்றது சரி, ஆரம்பத்துல லட்சம் டாலர்கூட வராது, லா ஸ்கூல் லோன் இருந்தா இடிக்கும், அதை உக்காந்து கணக்குப் போடுங்க. ஆனா நாலஞ்சு வருஷம் அரசாங்கப் பக்கம் நின்னவங்களை லா ஃபர்ம்காரங்க கூப்பிட்டு எடுத்துக்குவாங்க, முதல்ல ஃபர்முக்குப் போய் அந்த சம்பளத்துக்குப் பழகிட்டா இந்தப் பக்கம் வர மனசு வராது. அதனால என் ஓட்டு வாஷிங்டனுக்கு.

சண்டையை விடுங்க சார். சாப்பிடறப்போ அந்த 180 நாள், 60 நாள் என்னம்மான்னு சும்மா கேட்டுப் பாருங்க. தோளைக் குலுக்கிட்டு ஃபோனைப் பாத்தான்னா நியூயார்க்கே போகட்டும். தட்டைத் தள்ளி வெச்சுட்டு பேப்பர் பேனா தேடுனான்னா, வாஷிங்டன்ல வாடகைக்கு வீடு பாக்க ஆரம்பிச்சிடுங்க.