போலாமா? – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

நானும் என் நண்பனும் மாதம் ஒருமுறை காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்புகிற மாதிரி மலைநடை போவோம். ஆற்றங்கரையோரமாகவே உள்ளே போய், ஓரிடத்தில் ஆற்றைக் கடந்து, எதிர்ச் சரிவில் ஏறி முகட்டைத் தொட்டுவிட்டு அதே வழியில் இறங்குவோம். போக வர 15 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர். தனியாகப் போனால் நான் ஐந்து மணி நேரத்தில் முடித்துவிடுவேன். அவனோடு போனால் எட்டாகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று காத்திருக்கிறேன், அப்படியும் அவன் முகத்தில் ஒரு சலிப்பு. போன மாதம் திரும்பும்போது ஆற்றில் தண்ணீர் தொடை வரை வந்துவிட்டது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை, ஆச்சரியமாக இருந்தது. கேட்க வந்தது இதுதான்: கணுக்காலை மூடும் ஷூ நல்லதா, ஓட்டத்துக்குப் போடும் ஷூ போதுமா? இனிமேல் தனியாகவே போகலாமா?

கே.

அன்புள்ள கே,

ஷூவுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த ஆறு.

‘ஆச்சரியமாக இருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். படித்த எனக்கு வயிற்றைக் கலக்கியது. பள்ளத்தாக்குக்குள் நிற்பவனுக்குத் தெரிவது இரண்டு சரிவுகளுக்கு நடுவே ஒரு துண்டு வானம், அவ்வளவுதான். மழை அதற்கு அப்பால், ஆறு பிறக்கிற இடத்தில் கொட்டியிருக்கும். பனிமலையிலிருந்து வருகிற ஆறு என்றால் மழையே வேண்டாம், பகல் வெயிலில் உருகியது பிற்பகலில் வந்து சேரும். காலையில் கணுக்கால் நனைத்த தண்ணீர் மாலையிலும் அப்படியே இருக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது? தெளிந்த தண்ணீர் கலங்கத் தொடங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், அடியில் கல் உருளும் சத்தம் கேட்டால், இறங்கக் கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் காலைத் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். தொடையளவு வேகத் தண்ணீரில் நண்பரையும் இறக்கிக் கூட்டி வந்துவிட்டு, அதைக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதுகிறீர்கள். கரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் ஐயா. இரவு முழுக்க என்றாலும்.

சரி, திட்டியாயிற்று. நான் உண்மையில் எழுத உட்கார்ந்தது ‘ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று காத்திருக்கிறேன்’ என்ற வரிக்காக. இரண்டு வாரமாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகமாக நடப்பவர் திருப்பத்துக்கு முதலில் போய்ச் சேர்கிறார். பையை இறக்குகிறார், தண்ணீர் குடிக்கிறார், மூச்சு சீராகிறது. பத்து நிமிடம் கழித்து மற்றவர் மூச்சு வாங்க வந்து சேர்கிறார். உடனே முதலாமவர் எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, ‘போலாமா?’ என்கிறார். ஐந்து திருப்பத்தில் இது நடந்தால், ஓய்வே தேவைப்படாதவருக்கு 50 நிமிடம் ஓய்வு. தேவைப்படுகிறவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. நாள் முழுக்க அவர் நிற்காமல் நடந்திருக்கிறார், நீங்கள்தான் நின்று நின்று போயிருக்கிறீர்கள். இதில் காத்திருந்த தியாகி நீங்கள், சலித்துக்கொள்ளும் குற்றவாளி அவரா?

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நான் பல வருடம் அந்த ‘போலாமா’ ஆசாமியாக இருந்தவன். என்னோடு நடக்கிற நண்பருக்கு ஷூ கயிறு அடிக்கடி அவிழும். திருப்பத்துக்குத் திருப்பம் குனிந்துவிடுவார். எனக்கு எரிச்சல். கயிறுதான் மட்டம் என்று முடிவுகட்டி, அவிழவே அவிழாது என்று கடையில் சத்தியம் செய்து கொடுத்த ஒரு ஜோடித் தட்டைக் கயிறு வாங்கி, நானே கோர்த்தும் கொடுத்தேன். அடுத்த நடையில் மூன்றாவது திருப்பத்தில் மறுபடி குனிந்தார். இதென்ன கூத்து என்று பக்கத்தில் போனேன். முடிச்சு இறுக்கமாக, நான் போட்டபடியே இருந்தது. வியர்வையில் வழுக்கும் விரல்களால் அதை மெதுவாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினார். முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்து, ‘உன் கயிறும் சரியில்லப்பா’ என்றார். 

நான் ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்தேன். என் ஷூவையும் கழற்றி, உள்ளே இல்லாத கல்லைத் தட்டினேன்.

அன்றிலிருந்து அவர் முன்னால், நான் பின்னால். நீங்களும் இதைச் செய்துபாருங்கள். ஆனால் குதிகாலை ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், அது பின்னாலிருந்து தள்ளுவது மாதிரி. பத்தடி விடுங்கள். இருவரும் பேசிக்கொண்டே போக முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்டால் வேகம் அதிகம். (இரண்டு பேருமே பேசாதவர்கள் என்றால் என்ன செய்வது என்று கேட்டு இன்னொரு கடிதம் எழுதாதீர்கள்.)

அப்புறம் உங்கள் ஐந்து மணி நேரப் பெருமை. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார், இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். உங்கள் பாதைக்கு மூன்றும் ஒன்றரையும் நாலரை மணி, அதுவும் உட்காராமல் நடந்தால். ஆக உங்களுடையது ஒன்றும் சாதனை இல்லை. ஆற்றைக் கடந்து, சாப்பிட்டு, உட்கார்ந்து எழுந்து வருகிறவர்களுக்கு எட்டு மணி அசிங்கமும் இல்லை.

இதையெல்லாம் இவ்வளவு சூடாக எழுதக் காரணம், இப்போது இறக்கத்தில் நான்தான் பின்தங்குகிறேன். ஏறும்போது மூச்சுக்கு வேலை, இறங்கும்போது முட்டிக்கும் தொடைக்கும். நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிற தொடைத் தசைதான் மறுநாள் மாடிப்படியில் பழி வாங்கும். என் நண்பர் சிறிய உடம்புக்காரர், ஆட்டுக்குட்டி மாதிரி இறங்கிவிடுவார். கீழே ஒரு வளைவில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் வலது முட்டியை நொந்துகொண்டு போய்ச் சேர்ந்த பிறகும் திரும்ப மாட்டார், இன்னும் கொஞ்ச நேரம் ஆற்றையே பார்ப்பார். அங்கே பார்க்க ஒன்றுமே இருக்காது.

ஷூ. கையில் இருப்பதில் நன்றாகப் பழகியதைப் போடுங்கள், அடி தேய்ந்திருக்கக் கூடாது. மூடியதா திறந்ததா என்பதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை.

தனியாகப் போகலாமா? தாராளமாக, ஆனால் அந்த ஆறு இல்லாத பாதையில். கழுத்தில் ஒரு விசில் இருக்கட்டும். ஆபத்து என்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஊத வேண்டும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். உங்களுக்கு அப்படிச் சொல்ல அந்த நண்பரை விட்டால் வேறு யாராவது இருக்கிறார்களா?