பைலோகார்பின் சொட்டு கண் அழுத்தத்தை எப்படிக் குறைக்கிறது?

பைலோகார்பின் சொட்டு கண்ணின் வடிகால் சல்லடையை (கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வலை போன்ற திசுவை) நேராகத் திறந்துவிடுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, சுற்றி வளைத்துத்தான். கண் வில்லையைச் சுற்றியுள்ள சிலியரி தசையில் எம்3 மஸ்கரினிக் ஏற்பிகள் (வேதிச் சைகையைப் பெறும் செல் புரதங்கள்) உள்ளன. அவற்றை அது தூண்ட, தசை சுருங்குகிறது. அந்தத் தசையின் நாண்கள் சல்லடையோடு பிணைந்திருப்பதால் சல்லடை இழுபட்டு, அதன் இடுக்குகள் விரியும். கண்ணுக்குள் ஊறும் நீர், சல்லடையை அடுத்துள்ள ஷ்லெம் கால்வாய் என்ற வடிகுழாய்க்குள் எளிதாக வடியும்; அழுத்தம் குறையும்.

வேடிக்கை என்னவென்றால், சல்லடைச் செல்களிலேயே மஸ்கரினிக் ஏற்பிகள் உண்டு. ஆனாலும் 1970களில் குரங்குகளுக்குத் தசையைச் சல்லடையிலிருந்து பிரித்துவிட்டுப் பார்த்தபோது, மருந்து பலிக்கவில்லை!

அப்புறம், கண்பாப்பாவைச் சுருக்கும் தசையிலும் இதே ஏற்பிதான். அதனால் பாப்பா ஊசிமுனையாகிவிடும். இருட்டில் வண்டி ஓட்டுவது கஷ்டம். கண் அழுத்தத்தைக் குறைக்கும் இன்னொரு சொட்டான லாட்டனோபிராஸ்ட் வேறு வழி: எஃப்பி என்ற வேறொரு ஏற்பியைத் தூண்டி, சிலியரி தசை இழைகளுக்கு நடுவே உள்ள கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் கரைக்க வைக்கிறது; அந்த இடைவெளி வழியே நீர் வடிகிறது. இமைமுடி நீள்வது அதோடு வரும் உபரி.