விகிதமுறு மூலப் பட்டியல் நீண்டுபோனால் எதை முதலில் போட்டுப் பார்ப்பது?

6ய³ + 11ய² − 3ய − 2 = 0 ஐத் தீர்க்க, விகிதமுறு மூலமாக (சமன்பாட்டைத் தீர்க்கும் முழு எண் அல்லது பின்னமாக) வரக்கூடிய பன்னிரண்டு எண்களையும் வரிசையாகப் பிரதியிட்டுக் களைத்துவிட்டேன் என்று தம்பி எழுதியிருக்கிறார். (மாறியை 'ய' என்று எழுதுவது அப்பாவின் பழைய அட்சரகணிதக் கொப்பியிலிருந்து எனக்குத் தொற்றினது.)

நானும் அந்தக் கூத்து ஆடினவன்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தகரக் கொட்டிலுக்குள் உயர்தர இணைந்த கணித ரியூசன். ஒரு பக்கம் முழுக்கப் பின்னங்களைப் போட்டுப் போட்டு வெட்டினேன். கடைசியில் பார்த்தால் பின்னத்தையே தலைகீழாக எழுதியிருக்கிறேன்! மாறிலியின் காரணி மேலே, ய³ இன் குணகத்தின் காரணி கீழே. மறந்தால் 2ய − 1 = 0 ஐப் பாருங்கோ. விடை 1/2, யவோடு ஒட்டியிருந்த 2 தான் கீழே போகிறது.

உங்கள் பட்டியல் சரி: ±1, ±2, ±1/2, ±1/3, ±2/3, ±1/6. ஆனால் வரிசையாகப் போகாதேங்கோ. முதலில் 0, 1, −1. மனக்கணக்கிலேயே −2, 12, 6 என்று வந்துவிடும். 0 இல் மறை, 1 இல் நேர். அப்போ இடையில் ஒரு மூலம் இருக்கிறது. குணகங்களின் குறி ஒரேயொரு தடவைதான் மாறுகிறது, எனவே நேர் மூலமும் ஒன்றுதான். (1637 இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் டேக்கார்ட் தந்த விதி.) 2 ஐத் தொடவே வேண்டாம்.

இனி எனக்குப் பிடித்த வடிகட்டல். சுருக்கிய பின்னம் மூலமென்றால் (பகுதி × ய − தொகுதி) ஒரு காரணி. மற்றக் காரணியின் குணகங்களும் முழு எண்களே. இரண்டு காரணிகளின் பெருக்கத்திலும் ய = 1 போட்டால் வருவது 12, ஆகவே பகுதியிலிருந்து தொகுதியைக் கழித்தது 12 ஐ மீதியின்றி வகுக்கவேண்டும். −1 போட்டால் வருவது 6, ஆகவே பகுதி, தொகுதி இரண்டின் கூட்டுத்தொகை 6 ஐ வகுக்கவேண்டும். 2/3 க்குக் கூட்டுத்தொகை 5, போச்சு. 1/3 க்கு 4, அதுவும் போச்சு. 1/6 க்கு வித்தியாசம் 5. 12 ஐ வகுக்காது. மிச்சம் 1/2 மட்டும். போட்டால் பூச்சியம்.

2ய − 1 ஆல் வகுத்தால் 3ய² + 7ய + 2, அதாவது (3ய + 1)(ய + 2). மற்ற மூலங்கள் −1/3, −2.

பட்டியல் முழுக்கப் பொய்த்தால் பயப்படாதேங்கோ. ய³ − ய − 1 இல் பட்டியலே 1, −1 மட்டும்தான், இரண்டுக்கும் −1 தான் வரும். விகிதமுறு மூலம் கிடையாது. 1 க்கும் 2 க்கும் இடையில் ஒரு விகிதமுறா மூலம் (பின்னமாக எழுதமுடியாதது) இருக்கிறது.