முகாம் காசு எந்தப் பக்கத்தில் இருக்கிறது? வாசகர் கேள்வி-பதில்

கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தின் கணக்குக் கிளையில் வவுச்சர் பார்த்தே தலை நரைத்தவன் நான். இலங்கையின் வரவு செலவுத் திட்டம் வந்தால் சந்தையில் மீன் வாங்கவும் விடமாட்டார்கள், கேள்விதான். இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் பாதுகாப்புச் செலவு பற்றியவை.

ஐயா, ஆமிக்கு இவ்வளவு காசு என்று யார் தீர்மானிக்கிறார்கள்? அவர்கள் கேட்பதை அப்படியே கொடுக்கிறார்களா? (மாங்குளம் வாசகர்)

கேட்பது அவர்கள், வெட்டுவது திறைசேரி. ஆண்டின் நடுப்பகுதியில் எல்லா அமைச்சுக்கும் திறைசேரியின் சுற்றறிக்கை போகும். அடுத்த ஆண்டுத் தேவையை இந்த வரம்புக்குள் எழுது என்பதுதான் அதன் சாரம். முப்படைகளும் தங்கள் பட்டியலைப் பாதுகாப்பு அமைச்சின் வழியாக அனுப்பும். பேரம் நடக்கும். அமைச்சரவை பார்த்தபின் ஒதுக்கீட்டுச் சட்டமூலமாகப் பாராளுமன்றத்துக்கு வரும். அங்கே இரண்டாம் வாசிப்பு, குழுநிலை விவாதம், மூன்றாம் வாசிப்பு. பொதுநிதியின் மீது முழு அதிகாரம் பாராளுமன்றத்துக்கே என்று அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை சொல்கிறது.

நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால் வழக்கமாக இதெல்லாம் நவம்பர், டிசம்பரில் முடிந்துவிடும். 2024இல் தேர்தல்கள் வந்ததால் 2025க்கான பாதீடு பெப்ரவரி 17ஆம் திகதிதான் வந்தது. முதல் நான்கு மாதமும் இடைக்காலக் கணக்கறிக்கையில்தான், அதாவது பாதீடு வரும்வரை செலவழிக்கப் பாராளுமன்றம் தரும் தற்காலிக அனுமதியில்தான், நாடு ஓடியது.

எங்கள் ஊர் முகாமுக்கு எவ்வளவு செலவாகிறது என்று எங்கே பார்ப்பது? (முள்ளியவளை வாசகி)

பார்க்க முடியாது பிள்ளை. மதிப்பீட்டுப் புத்தகம் ஊர்வாரியாக எழுதப்படுவதில்லை, தலைப்புவாரியாக எழுதப்படுகிறது. 103 பாதுகாப்பு அமைச்சு, 222 தரைப்படை, 223 கடற்படை, 224 விமானப்படை, 320 சிவில் பாதுகாப்புத் திணைக்களம். 222ஐத் திறந்தால் குறியீடுகள் வரிசையாக வரும்: 1001 சம்பளம், 1202 எரிபொருள், 1203 உணவும் சீருடையும். காங்கேசன்துறையில் சாப்பிட்ட சோறும் முல்லைத்தீவில் சாப்பிட்ட சோறும் அதே 1203க்குள் ஒரே தொகையாகக் கிடக்கும். வன்னி என்ற சொல்லை அந்தப் பக்கங்களில் விரல் வைத்துத் தேடிப் பார்த்திருக்கிறேன். பலன் இல்லை.

யுத்தம் 2009இல் முடிந்தது. செலவு மட்டும் ஏன் குறையவில்லை? (கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, நெடுங்கேணி என்று பலர்)

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், சற்று விரிவாகவே சொல்கிறேன். 2025இல் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கியது சுமார் 442 பில்லியன் ரூபாய். அதில் 382 பில்லியன் அளவு மீண்டெழும் செலவு, மிச்சம் 60 பில்லியன் மூலதனச் செலவு. மீண்டெழும் செலவு என்றால் மாதா மாதம் போகிற காசு: சம்பளம், படி, சாப்பாடு, டீசல். பலர் நினைப்பதுபோல் காசு தாங்கிக்கும் விமானத்துக்கும் போகவில்லை, ஆட்களுக்குப் போகிறது. துப்பாக்கி சத்தமில்லாமல் களஞ்சியத்தில் கிடக்கும். ஆளுக்கு மூன்று நேரமும் சாப்பாடு வேண்டும்.

ஆகவே ஆட்தொகை குறையாமல் செலவு குறையாது. 2023 ஜனவரியில் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ஒரு திட்டத்தை அறிவித்தார். 2,00,783 ஆக இருந்த தரைப்படையின் அனுமதிக்கப்பட்ட ஆட்தொகையை 2024இல் 1,35,000 ஆகவும் 2030இல் 1,00,000 ஆகவும் குறைப்பதுதான் அது. ஏன் 2030? என் கணிப்பைச் சொல்கிறேன். சாதாரண சிப்பாய் 22 வருடம் சேவை செய்தால் ஓய்வூதியத்தோடு போகலாம். யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், 2006 முதல் 2009 வரை, கும்பல் கும்பலாகச் சேர்த்தார்கள். 22ஐக் கூட்டிப் பாருங்கள், 2028 முதல் 2031 வரை வரும். யாரையும் வீட்டுக்கு அனுப்பாமலே எண்ணிக்கை தானாக இறங்கும்.

ஆனால் அங்கே ஒரு கண்கட்டு வித்தையும் இருக்கிறது. ஓய்வுபெற்றவரின் காசு 222இல் வராது, ஓய்வூதியத் திணைக்களத்தின் தலைப்புக்குப் போய்விடும். பாதுகாப்புச் செலவு குறைந்துவிட்டது என்று மேடையில் பேசலாம், அதே ஆளுக்கு அதே திறைசேரி வேறு பையிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கும். ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் இராணுவச் செலவைக் கணக்கிடும்போது ஓய்வூதியத்தையும் சேர்ப்பது இதனால்தான்.

பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுகிறவர்களும் கவனமாக இருங்கள். 2013 வரை பொலிஸ் பாதுகாப்பு அமைச்சுக்குள் இருந்தது. ஒரு காலத்தில் நகர அபிவிருத்தியும் அதே அமைச்சுக்குள்தான். கொழும்பில் நடைபாதை போட்ட காசையும் சேர்த்துப் பாதுகாப்புச் செலவு என்று எழுதிய கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கண்ணிவெடி அகற்றுவதும் இந்தக் காசில்தானா? (மன்னார் வாசகர்)

பெரும்பகுதி இல்லை. ஹலோ டிரஸ்ட், மெக், டேஷ், ஷார்ப் போன்ற அமைப்புகள் வெளிநாட்டு உதவியில் வேலை செய்கின்றன. ஜப்பானும் அமெரிக்காவும் அதில் முக்கியமானவை. இராணுவத்தின் சொந்தப் பிரிவுக்குச் சம்பளம் மட்டும் 222இல். வேலையை முடிக்க இலங்கைக்கு உள்ள தவணை 2028.

நான் முன்பள்ளி ஆசிரியை. சம்பளம் சி.எஸ்.டி.யில் (சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தில்) வருகிறது. அப்படியென்றால் நான் படையாளா? (விசுவமடு)

நீங்கள் படையாள் இல்லை. ஆனால் உங்கள் சம்பளம் பாதுகாப்புச் செலவுதான். 320ஆம் தலைப்பு பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருகிறது. வன்னியில் அந்தத் திணைக்களத்தின் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் வேலை செய்கிறவர்கள் அதே கணக்கில்தான். மாகாணக் கல்வியின் கீழ் படிப்பிக்கும் உங்கள் தோழிக்குக் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு என்பதால் யாரும் உங்களைக் குறை சொல்ல ஏலாது. அ, ஆ சொல்லிக் கொடுக்கிற வேலையைக் கல்வித் தலைப்புக்கு மாற்றுவது எழுத்து வேலைதான், மனமிருந்தால். ஆனால் சம்பளம் குறையாமல் மாற்ற வேண்டும். அதை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

ஆமிப் பண்ணைக் கத்தரிக்காய் எங்கள் விலையைவிடக் குறைவு. எப்படிக் கட்டுபடியாகிறது? (வவுனியா தோட்டக்காரர்)

தம்பி, உங்கள் கத்தரிக்காயில் கூலி இருக்கிறது. போன வருடம் என் மருமகன் கால் ஏக்கர் போட்டான். பிடுங்கக் கூப்பிட்ட இரண்டு பெண்களுக்குக் கூலி கொடுத்ததும் உர மூட்டைக் கடன் அப்படியே நின்றது. படைப் பண்ணையில் பிடுங்குகிறவருக்குச் சம்பளம் 1001இல் ஏற்கெனவே போய்விட்டது. காணிக்குக் குத்தகையும் இல்லை. விலையைக் குறைக்க ஒரு கெட்டித்தனமும் தேவையில்லை.

ஆமி முகாம் இருக்கும் எங்கள் கேப்பாபிலவுக் காணியைக் கேட்டால் முகாமை இடம்மாற்றக் காசில்லை என்கிறார்கள். உண்மையா? (முல்லைத்தீவு)

அரைவாசி உண்மை. புதுக் கட்டடம் மூலதனச் செலவு. மொத்தத்தில் அது சின்னத் துண்டு என்று மேலே பார்த்தோம். 2017இல் காணி விடுவிக்க மீள்குடியேற்ற அமைச்சே இராணுவத்துக்குப் பணம் கொடுத்தது. வீடு கட்டித் தர வேண்டிய அமைச்சு, வீட்டுக்காரரின் காணியை விடுவிக்கச் செலவழித்தது. இனியும் அப்படித்தான் என்றால் அந்தத் தொகை பாதுகாப்பு அமைச்சின் தலைப்பிலேயே வர வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

கேட்க வழி இருக்கிறது. குழுநிலை விவாதத்துக்கு முன் உங்கள் பாராளுமன்ற உறுப்பினரைப் பிடியுங்கள். வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு பேர். கிளிநொச்சிக்காரர் யாழ்ப்பாணத்து ஆட்களைப் பிடிக்க வேண்டும். அல்லது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். தேசிய பாதுகாப்பு என்று மறுப்பார்கள். ஆகவே எத்தனை ஆள், என்ன ஆயுதம் என்று கேட்காதீர்கள். இடமாற்றச் செலவு மதிப்பீடு எவ்வளவு, அதை எந்த ஆண்டில் திறைசேரியிடம் கேட்டீர்கள் என்று மட்டும் கேளுங்கள். விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் திரும்பி வராதீர்கள்.