போருக்குப் போக நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டுமா?

வேண்டியதில்லை. முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம் என்கிறது அரசமைப்பின் 53-வது பிரிவு. அவரோ 74-வது பிரிவின்படி அமைச்சரவை சொல்கிறபடிதான் நடக்க முடியும். ஆக, முடிவு பிரதமர் தலைமையிலான அமைச்சரவையுடையது. நாடாளுமன்றத்தின் துறைகளை அரசமைப்பு வரிசைப்படுத்தும் ஒன்றியப் பட்டியலில் ‘போரும் அமைதியும்’ இருக்கிறதே என்பார்கள். அது சட்டம் இயற்றும் அதிகாரம். முன் அனுமதி கேட்கும் கட்டாயம் இல்லை.

1999-ஐப் பாருங்கள். ஏப்ரலிலேயே மக்களவை கலைந்துவிட்டது. கார்கில் சண்டை மே முதல் ஜூலை வரை, காபந்து அரசின் கீழ். லீவில் வந்திருந்த சித்தப்பாவைத் திரும்ப அழைத்தார்கள். வெள்ளை பெயின்ட்டில் நம்பர் எழுதிய அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திருமங்கலத்தில் பஸ் ஏற்றிவிட்டோம். அன்றைக்கு எங்கள் தொகுதிக்காக மக்களவையில் எழுந்து கேட்க ஓர் ஆள் இல்லை. மாநிலங்களவையையாவது கூட்டுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, கூட்டவில்லை. இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அமெரிக்காவில் போர் அறிவிப்பது அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் அதிகாரம்; ஆனால் 1942-க்குப் பிறகு அது முறைப்படி அறிவித்ததே கிடையாது.

நம் நாடாளுமன்றத்தின் பிடி பணத்தில் இருக்கிறது: ராணுவச் செலவுக்கு மக்களவை ஒப்ப வேண்டும். போரை ஒட்டி நெருக்கடி நிலை அறிவித்தால், ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஏற்க வேண்டும்.